ஈவில் விட்டுப்போன பூஜ்யம்

ஏற்காடு
மே 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஜூன் 30-க்குள் வீட்டிலேயே படிக்கும் மகளின் வருட மதிப்பீடு முடிந்து சான்று போய்ச் சேர வேண்டும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் நீ மேலும் கீழும் நடந்த நடை ஞாபகம் வந்தது. பரீட்சை அவளுக்கா, உனக்கா?

ஆனால் எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமைதான். உங்கள் பென்சில்வேனியாவில் 180 நாளோ 900 மணி நேரமோ பாடம் நடந்திருக்க வேண்டும், குறிப்பேடும் பிள்ளை செய்த வேலையின் மாதிரிகளும் வைத்திருக்க வேண்டும், மதிப்பீட்டாளர் ஒருவர் அதையெல்லாம் பார்த்து அவளிடமும் பேச வேண்டும். உனக்கு இது தலைவலி. என் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள், ஆனால் இங்கே அப்படிக் கேட்க ஓர் ஆள்கூட இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் படிப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. என் வீட்டுக்கு வந்து 'இவள் இந்த வருடம் என்ன படித்தாள்?' என்று யாரும் கேட்கப்போவதில்லை. முதல் இரண்டு வருடம் அதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் பயம் பிடித்துக்கொண்டது. கேட்பதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்கும் 'எத்தனாவது படிக்கிறா?' என்பதைத் தாண்டி ஒன்றும் வேண்டியதில்லை.

அதனால் இந்த வருடம் நானே ஓர் ஆளைத் தேடிப் பிடித்தேன். சேலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆரம்பப்பள்ளி டீச்சர். கோடை விழாக் கூட்டத்தில் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே ஏறி வந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், 'ஃபைலை எடுங்க' என்றார்.

ஃபைல் என் பெருமை. தேதி போட்டு, பாடவாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுகிற படம், மேட்டூர் அணையின் 120 அடியை நம் வீட்டு உயரத்தோடு ஒப்பிட்ட கணக்கு, மார்ச் மழைக்குப் பின் காப்பி பூத்த நாள், எல்லாம் இருந்தது. டீச்சர் முழுக்கப் புரட்டிவிட்டு, 'தப்பாப் போட்ட பக்கமெல்லாம் எங்கே?' என்றார். எங்கே இருக்கும், அடுப்புக்குப் போய்விட்டது. நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. போன ஜூனில் அவளுக்கு என்ன வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அப்புறம் எதை வைத்து வளர்ச்சி என்று சொல்வது?

அடுத்தது கணக்கு. பெரியவளுக்குப் பதினொரு வயது. காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் கூலிக்கணக்கு எழுதுவதே அவள்தான். எனவே அதில் எனக்குக் கவலையே இல்லை. டீச்சர் 615-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னார். தாளில் எழுதினாள்: ஈவு 12, மீதி 3. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் தாளை எடுத்துவிட்டு, 'அறுநூத்திப் பதினஞ்சு ரூபாயை ஆறு பேருக்குப் பிரிச்சுக் குடு' என்றார். 'ஆளுக்கு நூத்தி ரெண்டு, மூணு ரூபா மிச்சம்' என்று நொடியில் சொன்னாள். சொன்னவளே மறுபடி தாளைப் பார்த்து, 'அப்ப இது எப்படிப் பன்னெண்டு?' என்று கேட்டாள். நடுவில் 1-ஐ இறக்கும்போது 6 அதில் போகாது, ஈவில் பூஜ்யம் போட வேண்டும், அதை விட்டிருக்கிறாள். பிறகு அரைமணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். பத்து மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியவில்லையே மாப்பிள்ளை! அவள் வாயால் சொல்லும் விடையைக் கேட்டே திருப்திப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சின்னவன் கதை வேறு. எட்டு வயது, படிக்கச் சொன்னால் பலாமரத்தில் ஏறிக்கொள்வான். அன்றும் ஏறிவிட்டான். டீச்சர் கூப்பிடவே இல்லை. கீழே உட்கார்ந்து, தோட்டத்துக்குக் காட்டெருமை வந்த கதையைக் கேட்டு, அவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார். பிறகு தாளை மேலே நீட்டி, 'சரியா எழுதியிருக்கேனானு பாரு' என்றார். அவன் சொன்ன கதை என்பதால் மரத்திலிருந்தபடியே படித்தான். இரண்டு இடத்தில்தான் தடுமாறினான். ஆனால் அதை வைத்து நான் துள்ள வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில் கிராமத்துப் பிள்ளைகளிடம் நீட்டுவார்களே, எழுத்து, சொல், எளிய பத்தி, கதை என்று ஒரு தாள், அதையும் கொடுத்துப் பார்த்தார். சொற்கள் வரை ஓடினான், பத்தியில் நின்றுவிட்டான். 'சொல் வருகிறது, பத்தி வரவில்லை, தன் கதையைப் படிக்கிறான்' என்று தேதியோடு எழுதிக் கொடுத்தார். நான் எழுதியிருந்தால் 'ஆர்வமாகப் படிக்கிறான்' என்று எழுதியிருப்பேன்.

உன் மதிப்பீட்டாளரைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை; நானே அன்று பயந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் ஃபைலில் இருக்கிற தப்பை மறைக்காதே.

பெரியவள் எந்தப் பரீட்சை எழுதுவது என்ற கேள்வியும் இருக்கிறது. பள்ளிக்குப் போகாதவர்கள் எழுதும் அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதினாலு. இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

டீச்சர் பணம் வாங்கவில்லை. பாதிப் பலாப்பழமும் ஒரு கிலோ மிளகும் வாங்கிக்கொண்டு, நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பிக்கும் முன் இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உன் மகளின் நோட்டில் ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. தப்புள்ள பக்கமாகப் பார்த்து அனுப்பு, பெரியவள் கேட்கிறாள்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்