உயிர் இரைத் தொட்டி செட்டின் குழாய் அமைப்பில் உள்ள குறைகள் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சிறு படகுக்கான 90 லிட்டர் உயிர் இரைத் தொட்டி செட்டில் வடிகாலும் அடி பிட்டிங்கும் (கடல் நீரை உள்ளே எடுக்கப் படகின் அடியில் மாட்டும் குழாய் இணைப்பு) சரியில்லாதது, சாமான்களை மாற்றித் தரவும் கையேட்டைத் திருத்தவும் கோருவது.

மதிப்பிற்குரியீர்,

தூண்டிலில் இரையாகப் போடும் மீன்களை உயிரோடு வைத்திருக்க உங்கள் உயிர் இரைத் தொட்டி செட்டை வாங்கி, கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து அப்படியே என் படகில் மாட்டினேன். தொட்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூலையே இல்லாத வட்டத் தொட்டி, உள்பக்கம் நல்ல வழவழப்பு. சாளை மூக்கை இடித்துக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி நீந்துகிறது. குறையெல்லாம் அதோடு வந்த குழாய்ச் சாமான்களிலும் கையேட்டிலும்தான். முன்பே இதைப் பற்றி எழுதியிருந்தேன். மாட்டியதில் ஏதோ கோளாறு, பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தை செட்டை வடிவமைத்தவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

தொட்டிக்குள் தண்ணீர் வரும் குழாய் முக்கால் இஞ்ச். வெளியே போகும் குழாயும் அதே முக்கால் இஞ்ச். பிரச்சினையின் வேர் இதுதான். வரும் தண்ணீரைப் பம்ப் தள்ளுகிறது. போகும் தண்ணீருக்குப் பின்னால் அப்படி ஒரு தள்ளுதல் கிடையாது. அது தன் பாட்டில் வடிய வேண்டும். மூடிக்குக் கீழே நான்கைந்து விரல் உயரத் தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான் அதற்கு இருக்கிறது. பம்பின் மேல் மணிக்கு 500 கேலன் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,900. அது குழாயே இல்லாமல், ஏற்றமும் இல்லாமல் கிடைக்கும் அளவு என்பது எனக்குத் தெரியும். அதனால் படகில் மாட்டிய நிலையிலேயே 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வரும் குழாயில் அரை நிமிடத்துக்குள் வாளி நிரம்பியது. தொட்டி நிறைந்த பிறகு அதே வாளியை வடிகால் வாயில் பிடித்தபோது முழுதாக ஒரு நிமிடம் ஆனது. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? மூடி ஓரமாக வழிந்து படகுக்குள்தான் போனது.

கரையில் வைத்த தொட்டி என்றால் தரை நனையும், அவ்வளவுதான். படகில் அப்படி இல்லை. வழிந்த தண்ணீர் அடித்தட்டில் இறங்கி, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி, அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். ஒரு லிட்டர் கடல் நீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தொட்டி நிறைந்திருந்தால் அதுவே 90 கிலோவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அடித்தட்டில் கட்டுப்பாடில்லாமல் ஓடும் தண்ணீரும் சேர்வது சின்னப் படகில் சிறிய விஷயம் இல்லை. அடித்தட்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் அன்று ஓயாமல் ஓடியது. பேட்டரிப் பெட்டியின் அடிவரை ஈரம்.

இரை மீன் தொட்டிக்கு ஒன்றரை இஞ்ச் வடிகால் வைப்பதுதான் வழக்கம். விட்டம் இரண்டு மடங்கானால் துளையின் பரப்பு நான்கு மடங்காகும். பம்ப் எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் தானாக இறங்கிவிடும். உங்கள் வடிகாலின் வாயில் வைத்திருக்கும் தட்டைச் சல்லடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாளைக்குச் செதில் லேசில் உதிரும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சல்லடை முழுக்கச் செதில் அப்பிக்கொண்டு வெள்ளிக் காசு பதித்த மாதிரி ஆகிவிட்டது. விரலால் வழித்துவிட்டால் தண்ணீர் போகிறது, மறுபடி அடைக்கிறது. பக்கவாட்டில் நீளமாகக் கீறல் போட்ட ஒரு குழாயைத் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். ஒரு பக்கம் அடைத்தாலும் மற்ற பக்கங்கள் வழியாகத் தண்ணீர் போகும். மீனும் வெளியே போகாது.

அப்புறம், பம்பின் வேகத்தைக் குறைக்கச் சொன்ன யோசனை. அப்படிச் செய்தால் வழிவது நிற்கும், சரி. மீன்? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். கடல் நீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் தாங்கும்; 30 டிகிரியில் ஏறக்குறைய 6தான். அதுவும் மீனே இல்லாத சுத்தமான நீரில். நெருக்கமாக மீன் நிற்கும் தொட்டியில் அவை மூச்சுக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு, அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் உண்டு. புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால்தான் இரண்டையும் சமாளிக்க முடியும். நீங்கள் சொன்னபடி தண்ணீரைக் குறைத்தும் பார்த்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. தூண்டில் போடும் இடம் வருவதற்குள் பாதி மல்லாந்துவிட்டது. செத்த மீனைப் போட்டு மீன் பிடிக்க உயிர் இரைத் தொட்டி எதற்கு?

இதைவிடவும் என்னைக் கவலைப்பட வைத்தது அடி பிட்டிங். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் அடியில் துளை போட்டு அதை மாட்டச் சொல்கிறது கையேடு. பம்ப் தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். அது வரைக்கும் சரி. ஆனால் செட்டில் வந்திருப்பது சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் பிட்டிங். வால்வும் இல்லை. அடுத்த முறை படகைக் கரையேற்றியபோது பிட்டிங்கின் கழுத்தில், நட்டு உட்காரும் இடத்துக்குச் சரியாக மேலே, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. நகத்தை வைத்து ஓட்டினால் தட்டுகிறது. கையால் இறுக்கி, கையேடு சொன்ன அளவு மட்டும் ஸ்பேனரால் திருப்பிய நட்டு அது.

அந்தக் கழுத்து கடலில் ஒடிந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி ஆழத்தில் முக்கால் இஞ்ச் துளை திறந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏறும். ஒரு மணி நேரத்தில் அது ஒரு டன்னைத் தாண்டிவிடும். பிட்டிங்குக்கு மேலே ஹோஸ் கழன்றாலாவது ஒரு வால்வு இருந்தால் கையை நீட்டி மூடிவிடலாம், அதுவும் கொடுக்கவில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலம் அல்லது கண்ணாடி இழை சேர்த்த நைலான் பிட்டிங்தான் போட வேண்டும். அதன் மேல் உடனே மூடித் திறக்கும் வால்வு வேண்டும். படகு வேலை செய்கிற எந்த மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வார். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பும் முனைக்கு ஒன்றுதான் வைத்திருக்கிறீர்கள்; நீருக்குக் கீழே இரண்டு போடுவது வழக்கம். அந்த ஒன்றிலும் பட்டை மட்டும்தான் துருப்பிடிக்காத எஃகு. திருகு அதற்குள் துருவேறி நிற்கிறது, காந்தம் வைத்தால் ஒட்டுகிறது.

ஹோஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நெளிவு ஹோஸ் கொடுத்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் மடிப்புகளே தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. படத்தில் அது பம்பிலிருந்து மேலே போய், இருக்கைக்கு அடியில் தொங்கி, மறுபடி ஏறுகிறது. அந்த மேட்டில் காற்று சிக்கினால் பம்ப் சத்தம் மட்டும் போடும், தண்ணீர் வராது, அப்படித்தான் ஆனது. ஹோஸைப் பம்பிலிருந்து தொட்டிவரை எங்கும் தொங்கவிடாமல் ஏற்றமாகவே கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. பம்பை நிறுத்தினால் தொட்டித் தண்ணீர் வந்த வழியே கடலுக்குத் திரும்புவதைப் பற்றியும் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை.

எனவே, நீங்கள் எனக்கு அனுப்ப வேண்டியது: ஒன்றரை இஞ்ச் வடிகாலும் அதற்கேற்ற நிமிர்ந்த கீறல் குழாயும், நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தத் தகுந்த அடி பிட்டிங், அதற்கான வால்வு, கம்பி வைத்த, உள்ளே வழவழப்பான ஹோஸ், முழுக்க 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் செய்த கிளாம்ப்புகள். தொட்டியில் வடிகால் துளையைப் பெரிதாக்குவதால் உத்தரவாதம் போகாது என்று எழுத்தில் தர வேண்டும். இவற்றை அனுப்ப முடியாது என்றால் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள்.

இதே செட்டை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்களுக்கு அந்த வெள்ளை பிட்டிங்கைப் பற்றி உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். என் சாமான் வருவதற்குத் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன்; என் படகு இப்போது கரையில்தான் இருக்கிறது. அவர்கள் கடலில் இருக்கிறார்கள். விரிசல் விட்ட பிட்டிங்கின் படங்களையும் துருவேறிய கிளாம்ப்பின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பிட்டிங்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்