பிளக்கைப் பிடுங்கி மதிப்பெண் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் அச்சகங்கள், போட்டோ ஸ்டுடியோக்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். தொடக்கத்தில் எல்லோரும் படங்களை இரண்டு, மூன்று டிஸ்குகளில் முழு நகலாக வைக்கிறார்கள். இடம் நிரம்பியதும் பேரிட்டி முறைக்கு மாறியாக வேண்டும். பேரிட்டி என்பது தரவிலிருந்து கணக்கிட்டு எழுதும் கூடுதல் தகவல். டிஸ்க் பழுதானால் அதைக் கொண்டு இழந்ததை மீட்கலாம். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-லேயே இம்முறைகளை வகைப்படுத்திவிட்டார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதுதான் இன்றும் பெரும்பாடு.

லினக்ஸில் டிஸ்குகளில் தரவை அடுக்கி நிர்வகிக்கும் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) பைல் சிஸ்டத்தில் மாற்றக் கட்டளை கொடுத்தால் எல்லாத் தரவுத் துண்டுகளையும் படித்து வேறிடத்தில் புதிதாக எழுதுகிறது. செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ ஒன்றில் முகூர்த்த மாதத்தில் இந்த வேலை நாள்கணக்கில் ஓடியது. டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. ஆல்பம் வடிவமைக்கும் பெண் ஒவ்வொரு படத்தையும் திறந்துவிட்டு, அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை எழுத்து தேவையே இல்லை. ஆறு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் என்றால் மொத்தம் 18. ஆறு துண்டுக்கு மூன்று பேரிட்டி என்று மாற்றினால் 9 போதும். அந்த ஒன்பதையும் புதிதாக எழுதுவானேன்? ஆறு துண்டுகளுக்கும் வெவ்வேறு டிஸ்கில் உள்ள நகலாக ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்தால் அவை இருந்த இடத்திலேயே இருக்கலாம். பேரிட்டி மூன்றை மட்டும் வேறு மூன்று டிஸ்குகளில் எழுதி, செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்த்த பிறகு மிச்சமுள்ள 12 நகல்களை அழிக்கலாம். எழுதும் வேலை மூன்றில் ஒரு பங்காகிறது. எந்த நகலை வைத்துக்கொள்வது என்பது நம் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் கிராப் மேட்சிங் கணக்குதான், அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தனி டிஸ்கை ஜோடி சேர்ப்பது!

சேலம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் இப்படி மாற்றும் மென்பொருளை எழுதுவதை இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுக்க வேண்டும். வருகைப் பதிவுச் செயலி எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். இதற்குச் செலவும் கிடையாது. லினக்ஸில் சாதாரண பைல்களையே டிஸ்குகளாக இணைத்துச் சோதிக்கலாம். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள ஊர் இது. பாதியில் நின்றால் படம் ஒன்றுகூடப் போகக் கூடாது. தேர்வாளர் நடுவில் பிளக்கைப் பிடுங்கட்டும். மறுபடி இயக்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, எல்லாச் செக்சமும் ஒத்துப்போனால் முழு மதிப்பெண் கொடுக்கட்டும்.

– சர்வர் பராமரிப்பாளர், அஸ்தம்பட்டி, சேலம்.