பருவ நிறைவுக் கடிதம்: மாணவர்களின் டேப்லெட்டுகளும் கணினி ஆய்வகமும்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் குறித்த நாள்களில் நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் எல்லா வகுப்பு மாணவர்களும் ஆர்வத்துடன் கலந்துகொண்டார்கள். கட்டுரை, பேச்சுப் போட்டிகளில் பரிசு பெற்றவர்களுக்கும், பரிசு கிடைக்காவிட்டாலும் உழைத்தவர்களுக்கும் என் பாராட்டுகள். மதிப்பெண் பட்டியல் வழக்கம்போல் வகுப்பாசிரியர் வழியாகத் தங்களை வந்தடையும்.

இத்துடன் இன்னொரு செய்தியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கேட்பதற்குச் சிறிய செய்திதான் என்றாலும், இப்பருவத்தில் எங்கள் ஆசிரியர்களின் பாடவேளையை இதைப்போல் வேறெதுவும் விழுங்கவில்லை. வீட்டில் சார்ஜ் ஏற்றாமல் கொண்டுவரும் டேப்லெட்டுகளை, மாணவர்கள் கணினி ஆய்வகத்துக் கணினிகளின் யுஎஸ்பி துளைகளில் செருகி வைப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

காலை மணி அடிப்பதற்கு முன்பே ஆய்வகத்தில் இடம் பிடிக்கும் போட்டி தொடங்கிவிடுகிறது. முன்பக்கத் துளைகள் நிரம்பிவிட்டால் மவுஸையோ கீபோர்டையோ கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தங்கள் கேபிளைச் செருகுகிறார்கள். முதல் பாடவேளைக்கு வரும் வகுப்பு உட்காரும்போது மவுஸ் மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். கணினிப் பெட்டியின் மேல் யாருடையது என்றே தெரியாத ஒரு டேப்லெட் இருக்கும். அதன் திரையின் மூலையில், பேட்டரிச் சின்னத்துக்குப் பக்கத்தில், ‘சார்ஜ் ஆகவில்லை’ என்ற வாசகம் இருக்கும். ஆசிரியர் கேபிள்களைப் பிரித்து, மவுஸ்களைத் திரும்பப் பொருத்திப் பாடத்தைத் தொடங்குவதற்குள் வகுப்பின் கவனம் சிதறிவிடுகிறது.

அந்த வாசகத்தைப் பலரும் கேபிளின் கோளாறு என்று எண்ணுகிறார்கள். காரணம் பெரும்பாலும் கேபிளில் இல்லை. கணினியின் யுஎஸ்பி துளை முதன்மையாகத் தகவல் பரிமாற்றத்துக்காக அமைந்தது. மவுஸ், பென்டிரைவ் போன்றவற்றுக்குப் போதுமான மின்சாரத்தையே அது தரும். 2.0 வகைத் துளை 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட் வரை தரும், 3.0 வகைத் துளை 900 மில்லியாம்பியர், அதாவது 4.5 வாட் வரை தரும். டேப்லெட்டுடன் வரும் சார்ஜரோ பொதுவாக 10 வாட் அல்லது அதற்கும் மேற்பட்டது. 25 வாட்-மணி கொள்ளளவுள்ள ஒரு பேட்டரியை 2.5 வாட்டில் நிரப்பக் கணக்குப்படியே 10 மணி நேரம் ஆகும். இடையில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் அது நிரம்பியிருக்காது. அதுவும் திரை அணைந்திருந்தால்தான். கேபிளைச் செருகியபடியே காணொளி பார்த்தால் உள்ளே வருவதைவிட வெளியே செலவாவது அதிகமாகிவிடும். ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்ற வேலை அது. சில டேப்லெட்டுகள் இவ்வளவு குறைந்த மின்சாரத்தைச் சார்ஜாகவே கணக்கில் கொள்வதில்லை. பேட்டரிச் சின்னம் பொறித்த துளைகளும் டைப்-சி துளைகளும் உள்ள சில கணினிகள் இதைவிடக் கூடுதலாகத் தரும் என்பது உண்மைதான். நம் ஆய்வகக் கணினிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

“இரவு முழுவதும் மடிக்கணினியில் செருகியிருந்தோம், காலையில் பார்த்தால் ஏறவே இல்லை” என்று பெற்றோர் சிலர் வகுப்பாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மடிக்கணினி உறக்க நிலைக்குச் சென்றதும் பல துளைகளில் மின்சாரம் நின்றுவிடும். ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் யுஎஸ்பி ஹப்பில், அதற்குத் தனி மின்இணைப்பு இல்லாதபோது செருகினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு துளையின் மின்சாரத்தையே அதில் உள்ள அத்தனை சாதனங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சார்ஜ் ஏறாததைவிட எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று. யுஎஸ்பி கேபிள் மின்சாரத்தோடு தகவலையும் கடத்தும். பொதுக் கணினியில் செருகியதும் ‘இந்தக் கணினியை நம்பலாமா?’ என்றோ, கோப்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா என்றோ டேப்லெட் கேட்கும். பிள்ளைகள் அதைப் படிப்பதே இல்லை, சம்மதம் என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அண்மையில் ஒரு மாணவரின் குடும்பப் புகைப்படங்கள் அடுத்த வகுப்பு மாணவர்களின் கண்முன்னே கணினித் திரையில் வரிசையாக விரிந்தன. ஆசிரியர் உடனே அணைத்துவிட்டார். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் இதைச் சிறிய செய்தி என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே சில விதிகளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து ஆய்வகக் கணினிகளில் எந்த மாணவரும் டேப்லெட்டையோ கைபேசியையோ சார்ஜுக்காகச் செருகக் கூடாது. செருகப்பட்ட சாதனம் அலுவலகத்தில் வைக்கப்படும். பெற்றோர் நேரில் வந்துதான் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மவுஸ், கீபோர்டு ஆகியவற்றைக் கழற்றுவதும், துளைக்குள் கேபிளைத் தலைகீழாகத் திணிப்பதும் பள்ளி உடைமைக்குச் சேதம் விளைவிப்பதாகவே கருதப்படும். முன்பக்கத் துளைகள் சில ஏற்கெனவே ஆட்டம் கண்டு, பென்டிரைவ்கூட நிற்காத நிலையில் உள்ளன. இதில் விலக்குக் கேட்டு வகுப்பாசிரியர்களை வற்புறுத்த வேண்டாம். அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. செயல்திட்டக் கோப்புகளை மாற்றுவதற்காக ஆசிரியர் முன்னிலையில் இணைப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது.

வீட்டில் பிள்ளைகள் இருவர் மூவர் இருக்க, சார்ஜர் ஒன்றே இருக்கும் நிலைமையும், காலை நேரத்து அவசரமும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. மாலையில் வீட்டுப்பாடம் முடிந்ததும் டேப்லெட்டைச் சுவரிலுள்ள மின்செருகியில், அதற்குரிய சார்ஜரோடு, திரையை அணைத்துச் செருகிவிட்டாலே பெரும்பாலும் போதும். 100 விழுக்காடு நிரம்ப வேண்டும் என்றுகூட இல்லை. 80 இருந்தாலே பள்ளி வேளைக்குத் தாங்கும். தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம்; சூடு வெளியேற வழியில்லாமல் போகும். சார்ஜர் தொலைந்து வேறொன்று வாங்க நேர்ந்தால், அதன்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கைபேசியின் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரிலும் டேப்லெட் நத்தை வேகத்தில்தான் ஏறும்.

தவிர்க்க முடியாத நாள்களுக்காக, நூலகத்தில் நூலகரின் மேற்பார்வையில் சில மின்செருகிகளை ஒதுக்கியிருக்கிறோம். சார்ஜரை மாணவரே கொண்டுவர வேண்டும்; அதில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்பருவம் முழுவதும் பள்ளிக்குத் தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கும், நீண்டுவிட்ட இக்கடிதத்தைப் பொறுமையுடன் படித்தமைக்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி. இதில் ஐயமிருந்தால் வகுப்பாசிரியரையோ என்னையோ பள்ளி வேலை நேரத்தில் தயங்காமல் சந்திக்கலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்