அந்த 'மட்டுமே' என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டில் நிறத்தடையை உடைத்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அவருக்கு அது தகும். வில்லி ஓரீக்குக் கிடைத்ததோ ஒரே வரி: 'ஐஸ் ஹாக்கியின் முதல் கறுப்பின வீரர், தேசிய ஹாக்கி லீகில் 45 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார்.' எண்ணில் பிழையில்லை. அந்த 'மட்டுமே'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓரீ கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், பிரெடரிக்டன் நகரில் 1935இல் பிறந்தவர். வீட்டுக் கொல்லையில் தந்தை தண்ணீர் விட்டு உறையவைத்த தரையில் சறுக்கப் பழகியவர். இருபது வயதில், ஜூனியர் ஆட்டம் ஒன்றில், 'பக்' என்னும் கெட்டி ரப்பர் வட்டு பறந்துவந்து அவருடைய வலக்கண்ணில் பட்டது. அந்தக் கண்ணில் நூற்றுக்கு 95 பங்கு பார்வை போயிற்று. இனி ஹாக்கியை மறந்துவிடு என்றார் மருத்துவர். சில வாரங்களில் ஓரீ மறுபடியும் பனித்தளத்தில் இறங்கிவிட்டார். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவரை அந்த லீகில் சேர்ப்பதில்லை என்று விதியே இருந்தது. அதனால் மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர வேறு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கும் வலக்கண் தெரியாது. பத்து வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் இன்றும் பாதி தரையில்தான் விழும். வலப்பக்கம் வருகிற ஆள் தோளில் இடித்த பிறகுதான் வந்ததே தெரியும். ஓரீ ஆடியது இடது விங்கில். எங்கள் ஊர் மைதானத்தில் அந்த இடத்தை லெஃப்ட் அவுட் என்போம். இடது ஓரத்தில் ஓடுபவனுக்கு ஆட்டம் முழுவதும் வலப்பக்கத்தில்தான் நடக்கும். பந்து வருவதும் அங்கிருந்துதான், மோத வருகிறவன் வருவதும் அங்கிருந்துதான். சறுக்குகிற வேகத்தில் கழுத்தை வலது தோளுக்கு மேலே முழுக்கத் திருப்பி, இடக்கண்ணைக் கொண்டுவந்து பக்கைப் பார்த்து வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். நான் அதைச் சாலையைக் கடப்பதற்கே செய்ய முடியாமல் திணறுகிறவன்.

1956இல் மில்வாக்கி பிரேவ்ஸ் என்ற பேஸ்பால் அணி தேர்வுக்காக அவரை ஜார்ஜியாவுக்கு அழைத்தது. விமான நிலையக் கழிப்பறைகளிலேயே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பலகை தொங்கியது. தேர்வாகாமல் பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஐந்து நாள் பயணம். பின்வரிசையில் உட்கார்ந்து புறப்பட்டவர், வண்டி வடக்கே போகப்போக ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இனி ஹாக்கி ஒன்றுதான் என்று அவர் முடிவெடுத்தது அந்தப் பஸ்ஸில்தான்.

1958 ஜனவரி 18 அன்று மாண்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். 1960-61 சீசனில் 43 ஆட்டங்கள், 4 கோல்கள். 1961ஆம் ஆண்டின் முதல் நாளில் பாஸ்டனில் அவர் முதல் கோலைப் போட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வேறு ஊர்களில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் பின்முனையால் முகத்தில் குத்தியதில் முன்பற்கள் போயின, மூக்கு உடைந்தது. ஓரீயும் மட்டையாலேயே திருப்பிக் கொடுத்தார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று அந்த லீகில் இருந்தவை ஆறே அணிகள். உலகம் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 120 பேருக்குத்தான் அங்கே வேலை. அதில் ஓர் இடத்தை ஒற்றைக் கண்ணோடு பிடித்தவரைப் பற்றித்தான் நாம் 'மட்டுமே' என்று எழுதுகிறோம். அடுத்த ஆண்டும் நீ எங்களோடுதான் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சில வாரங்களில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய லீகில் அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. இன்னொரு கறுப்பின வீரர் அங்கே நுழைய 1974 வரை ஆயிற்று.

கட்டுரையாளர் விட்டுவிட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் வெஸ்டர்ன் ஹாக்கி லீகில் ஆடியபோது பயிற்சியாளர் அவரை வலது விங்குக்கு மாற்றினார். ஆட்டம் முழுவதும் இப்போது இடப்பக்கம், நல்ல கண் இருக்கும் பக்கம். 1964-65 சீசனில் 38 கோல்கள் அடித்தார். பெரிய லீகில் இருந்தபோதே யாராவது இப்படி இடம் மாற்றியிருந்தால்? கண்ணைப் பற்றி வெளியே சொல்ல முடியாதவர் எப்படி அதைக் கேட்டிருப்பார்? இந்த இரண்டு கேள்விகளும் என்னை விட்டு நீங்குவதில்லை. பிறகு சான் டியாகோவில் பல ஆண்டுகள் ஆடி, 1979இல், 43 வயதில்தான் ஓய்வுபெற்றார்.

ஒரு திருத்தமும் வேண்டும். அவர் தேசிய ஹாக்கி லீகில்தான் முதல் கறுப்பினத்தவர். ஐஸ் ஹாக்கியில் அல்ல. கனடாவின் கிழக்குக் கரையில், ஹாலிஃபாக்ஸ் பகுதியில், கறுப்பினத்தவர் 1895இலேயே தங்களுக்கென ஒரு லீக் தொடங்கி ஆடினார்கள். ஓரீக்கு முந்தைய தலைமுறையில் ஹெர்ப் கார்னகி என்ற அருமையான ஆட்டக்காரர் இருந்தார். அவருக்குப் பெரிய லீகின் கதவு திறக்கவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஓரீ ஹோட்டல் ஒன்றில் காவல் பணியில்கூட இருந்தார். 1998 முதல் அதே லீகின் சார்பில் ஊர் ஊராகப் போய், பனித்தளத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு ஹாக்கியை அறிமுகப்படுத்தினார். 2018இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள். ஆட்டக்காரர் என்ற வகையில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர் என்ற வகையில். 2022 ஜனவரி 18 அன்று, முதல் ஆட்டம் நடந்து 64 ஆண்டுகள் நிறைந்த நாளில், பாஸ்டன் அணி அவருடைய 22ஆம் எண்ணை இனி யாரும் அணிவதில்லை என்று முடிவுசெய்து, அந்தச் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றியது. கொரோனா காலம் என்பதால் 86 வயதான அவர் நேரில் வரவில்லை. தொலைவில் இருந்தபடி திரையில்தான் பார்த்தார்.

இந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிட இடம் இல்லாமல் போகலாம். அப்படியானால் இணையப் பதிப்பில் அந்த 'மட்டுமே'யையாவது நீக்கிவிட்டு, '21 ஆண்டுகள் தொழில்முறையாக ஆடினார், ஒற்றைக் கண்ணோடு' என்று சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி.