பாடத்தேர்வுத் தாளில் டிக் போடும் முன்

லெனேசியா, தென்னாப்பிரிக்கா
ஆகஸ்ட் 11

அன்புள்ள கயல்,

பாடத்தேர்வுத் தாள் வந்துவிட்டது என்று ஆயா போனில் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிரப்பும் அந்த ஒற்றைத் தாள்தான் 10, 11, 12 மூன்று ஆண்டுகளுக்கும் பேசும். உளவியல்தான் படிப்பேன் என்று நீ உறுதியாகச் சொல்வதால், போனில் அரைகுறையாகப் பேசுவதை விட எழுதிவிடுகிறேன். ஆயாவுக்கும் படித்துக் காட்டு. கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.

தாளில் உளவியல் என்ற பாடத்தைத் தேடாதே. மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், அப்படி ஒரு பாடம் கிடையாது. லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாடத்தில் மன அழுத்தம், தன்மதிப்பு என்று இரண்டு பக்கம் வரும். அதை உளவியல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குவார்கள். அதனால் ‘உளவியலுக்கு எந்தப் பாடம் வேண்டும்’ என்று கேட்பதில் பயன் குறைவு. ‘உளவியல் படிக்கிற பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள், அதற்குப் பள்ளியிலேயே எது கைகொடுக்கும்’ என்று கேள்.

சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று புள்ளியியல், மற்றது கட்டுரை.

மொத்தம் 7 பாடங்கள். அதில் 4 முன்பே முடிவானவை: ஹோம் லாங்குவேஜ் (முதல் மொழி), ஃபர்ஸ்ட் அடிஷனல் லாங்குவேஜ் (இரண்டாம் மொழி), மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட் (அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்கு), லைஃப் ஓரியன்டேஷன். மிச்சம் 3 உன் விருப்பம். எல்லாப் பெற்றோரும் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டுதான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உன் விஷயத்தில் பெரிய முடிவு மேத்ஸா, மேத்ஸ் லிட்டா என்பதுதான்.

மேத்ஸ் எடு. காரணம் சொல்கிறேன். மெட்ரிக் மேத்ஸ் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். அதில் புள்ளியியலுக்கு ஏறக்குறைய 20. பத்தாம் வகுப்பில் சராசரி, இடைநிலை, கால்மானங்கள். பதினொன்றில் திட்ட விலக்கம். பன்னிரண்டில் ஒட்டுறவுக் கெழு, பின்னடைவுக் கோடு. பிள்ளைகள் இந்த 20 மதிப்பெண்ணை கால்குலேட்டர் பட்டனைத் தட்டி வாங்கிவிட்டு, என்ன செய்தோம் என்பதையே மறந்துவிடுவார்கள். உளவியல் இரண்டாம் ஆண்டு ஆய்வுமுறை வகுப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

திட்ட விலக்கத்துக்கு ஓர் உதாரணம், பென்சிலை எடுத்துக்கொள். 4, 6, 8, 10, 12 என்று ஐந்து எண்கள். சராசரி 8. விலகல்கள் -4, -2, 0, 2, 4. வர்க்கங்களைக் கூட்டினால் 40. பள்ளியில் 5 ஆல் வகுக்கச் சொல்வார்கள்: 8, அதன் வர்க்கமூலம் 2.83. உளவியல் வகுப்பில் 4 ஆல் வகுக்கச் சொல்வார்கள்: 10, வர்க்கமூலம் 3.16. கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனி விசை. ஒன்று சிக்மா, மற்றது எஸ். ஐந்து பேரை மட்டும் அளந்துவிட்டு எல்லோரைப் பற்றியும் பேசப்போகிறோம் என்றால் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் பரவலைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். இந்த ஒரு வரி புரிந்தவளுக்கு பின்னால் வரும் புள்ளியியல் சோதனைகள் பயம் காட்டாது. விசையை மட்டும் மனப்பாடம் செய்தவள் முதல் வாரத்திலேயே திணறுவாள்.

இப்போது எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. பல்கலைக்கழகங்கள் ஏ.பி.எஸ். என்று ஒரு புள்ளிக் கூட்டல் வைத்திருக்கின்றன: 80க்கு மேல் 7 புள்ளி, 70களுக்கு 6, 60களுக்கு 5, 50களுக்கு 4, 40களுக்கு 3. ஆங்கிலம் 71, ஜூலு 65, லைஃப் சயன்ஸ் 73, வரலாறு 68, புவியியல் 62, மேத்ஸ் 57 என்று வைத்துக்கொள். 6+5+6+5+5+4 = 31. அதே பிள்ளை மேத்ஸ் லிட் எடுத்து 82 வாங்கினால் 34. மூன்று புள்ளி சும்மா கிடைக்கிறது. பல கலைப் புலங்கள் மேத்ஸ் லிட்டையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே ‘மேத்ஸ் இல்லாவிட்டால் உளவியலே கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஆனால் அந்த மூன்று புள்ளிக்கு நீ விற்பது என்ன? உளவியலை அறிவியல் பட்டமாகப் படிக்கும் வழி, வணிகவியலோடு சேர்த்துத் தொழிலக உளவியல் படிக்கும் வழி, மருத்துவம் வழியாக மனநல மருத்துவராகும் வழி. எல்லாம் ஒரே டிக்கில் போய்விடும். மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்கலாம். லிட்டிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது நடைமுறையில் நடக்காது, விட்டுப்போன பாடம் அவ்வளவு. இறங்குவதானாலும் தாமதிக்கக் கூடாது. இறுதி மதிப்பெண்ணில் 25 விழுக்காடு வகுப்பு மதிப்பீடு. நடுவில் மாறினால் விட்ட வேலைகளை எல்லாம் மறுபடி செய்து கொடுக்க வேண்டும்.

என் கணக்கு இது: பத்தாம் வகுப்பு ஜூன் தேர்வில் 50க்கு மேல் இருந்தால் தொடரு. 40க்கும் 50க்கும் நடுவில் என்றால் ட்யூஷன் வைத்து ஆண்டு முடிவு வரை பார்ப்போம். 40க்குக் கீழே என்றால் அந்த ஆண்டே இறங்கிவிடு, அதில் வெட்கம் எதுவும் இல்லை. மேத்ஸோடு மல்லுக்கட்டி மற்ற ஐந்து பாடத்தையும் கோட்டைவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான முடிவு.

அடுத்தது லைஃப் சயன்ஸ். இதைத் தயங்காமல் எடு. பன்னிரண்டாம் வகுப்பு முதல் தாளில் மூளை, தண்டுவடம், நியூரான், அனிச்சை வில், நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் வருகின்றன. அல்சைமர் நோயும் போதைப்பொருள் நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்பதும் கூட. ஆனால் நான் இதைச் சொல்வதற்கு மூளைப் பாடம் முதல் காரணம் இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு பரிசோதனையைக் கொடுத்து, சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது) எது, சார்ந்த மாறி (அதனால் மாறுவது) எது, எதை மாறாமல் வைத்தார்கள், நம்பகத்தன்மையை எப்படிக் கூட்டலாம் என்று கேட்பார்கள். உளவியலின் முதுகெலும்பே அதுதான். மதிப்பெண் போகும் இடமும் அதுதான்: நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். மாதிரியைப் பெரிதாக்குவது, திரும்பச் செய்து பார்ப்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா, மற்ற காரணிகளைக் கட்டுக்குள் வைத்தோமா என்பது ஏற்புடைமை. இந்த நாட்டில் இது வெறும் பரீட்சைக் கேள்வியும் இல்லை. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் அறிவியல்படி நிறுவப்படாத, எந்தக் குழுவுக்காவது பாரபட்சமான உளவியல் சோதனைகளை ஊழியர்கள் மேல் நடத்தக் கூடாது என்கிறது.

இரண்டாவது, வரலாறு. உன் தோழிகள் டூரிசம் எடுப்பதாகச் சொன்னாய், அவர்கள் எடுக்கட்டும். வரலாற்றுத் தாள் 3 மணி நேரம், 150 மதிப்பெண். மூலச்சான்றுக் கேள்வி, கட்டுரை இரண்டும் கலந்து மூன்று விடை, ஒவ்வொன்றுக்கும் 50. இந்த ஆவணத்தை யார் எழுதியது, ஏன் எழுதினார், எவ்வளவு நம்பலாம், மற்ற ஆவணம் இதை மறுக்கிறதா: இப்படிப் பார்த்துப் பழகியவள் ஆய்வுக்கட்டுரையைப் படிக்கத் தெரிந்தவள். கட்டுரையில் முதல் பத்தியிலேயே ஒரு நிலைப்பாடு எடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் அதைச் சான்றோடு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கதை சொன்னால் மதிப்பெண் இல்லை. உளவியல் முதல் ஆண்டுக் கட்டுரைகளில் பிள்ளைகள் வாங்கும் அடி இதே அடிதான்: தெரிந்ததை எல்லாம் கொட்டுவார்கள், கேட்ட கேள்விக்கு வாதம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. நிறவெறி ஆட்சியைக் கட்டியெழுப்பிய வெர்வூர்ட், பிரதமராகும் முன் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். இந்தத் துறை இங்கே என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

மூன்றாவதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மனநல மருத்துவர் என்ற எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தாலும் ஃபிசிகல் சயன்ஸ் எடு. மருத்துவக் கல்லூரிகள் அதையும் மேத்ஸையும் கேட்கும். மனநல மருத்துவர் முதலில் மருத்துவர், மருந்து எழுதலாம். உளவியலாளரின் பாதை வேறு. அந்த எண்ணம் இல்லை என்றால் புவியியலோ நாடகக்கலையோ, எதில் உனக்கு 70 வருமோ அது. பட்டப்படிப்புத் தகுதிக்கு லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நாலு பாடத்தில் 50 விழுக்காடாவது வேண்டும்; உனக்கு அது கஷ்டமில்லை.

மொழி விஷயத்தில் ஆயா ஆஃப்ரிகான்ஸ் சுலபம் என்பார்கள். மதிப்பெண்ணுக்கு ஒருவேளை சுலபமாக இருக்கலாம். நீ ஜூலு எடு. இந்த நாட்டில் மிக அதிகம் பேர் வீட்டில் பேசும் மொழி அது. டர்பனில் ஒரு கிளினிக்கில் எதிரே உட்காருகிறவர் தன் துக்கத்தை அந்த மொழியில்தான் சொல்வார். நடுவில் மொழிபெயர்க்க நர்ஸைக் கூப்பிட்டால் பாதி துக்கம் வாசலிலேயே நின்றுவிடும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் 2014 முதல் ஜூலு தெரியாத புதிய மாணவர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாகவே வைத்தது. தமிழையும் மெட்ரிக்கில் எழுதலாம், பாடப்பட்டியலில் இருக்கிறது. உன் பள்ளியில் ஆசிரியர் இருந்தால் எட்டாவது பாடமாக எடு. இல்லாவிட்டால் சனிக்கிழமைக் கோயில் வகுப்பே போதும்.

பாதை நீளம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள். பட்டம் 3 ஆண்டு, ஹானர்ஸ் 1, பிறகு முதுகலை. அதில் 12 மாதப் பயிற்சி. மருத்துவ உளவியல் என்றால் அதன்மேல் ஓராண்டு சமூக சேவை. எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்யாமல் யாரும் தன்னை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் அந்தப் பெயர் கிடைக்காது. முதுகலையில் இடங்கள் சொற்பம், நேர்காணல் வைத்துத்தான் எடுப்பார்கள். நடுவில் ஒரு நல்ல நிறுத்தமும் உண்டு: நாலாண்டுப் படிப்பும் 720 மணி நேரக் களப்பயிற்சியும் முடித்து, அந்த மன்றத்தின் வாரியத் தேர்விலும் தேறினால் பதிவுபெற்ற ஆலோசகர் ஆகலாம். அதைத் தோல்வியாக யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்கள் முதலில் இடம் ஒதுக்குவது பதினொன்றாம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். ‘மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு அதனால் செல்லாது.

ஆக, தாளில்: ஆங்கிலம், ஜூலு, மேத்ஸ், லைஃப் சயன்ஸ், வரலாறு. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு வை. சில பள்ளிகளில் வரலாறும் ஃபிசிகல் சயன்ஸும் கால அட்டவணையில் ஒரே நேரத்தில் மோதும். அதை வகுப்பாசிரியரிடம் நாளைக்கே கேள். தாளை இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூப்பிடுகிறேன், அதுவரை ஆயாவைக் கையெழுத்துப் போட விடாதே.

அன்புடன்,
அம்மா