காலி டப்பா

திருப்பூர்
தை 4

அன்புத் தோழிக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய மக்ரூனுக்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன், திட்டாதே. முந்திரி, முட்டை வெள்ளை, சர்க்கரை, அவ்வளவுதான். உங்கள் தூத்துக்குடிக்காரர்கள் கையில் மட்டும் அது எப்படி அப்படி வருகிறதோ! சின்னவன் டப்பாவைத் திறந்தபடி வைத்துவிட்டான். ஐப்பசி மழை ஈரத்தில் பாதி நமத்துப் போயிற்று. நமத்ததையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மற்றதை நீயே யூகித்துக்கொள்.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அம்மா போனபின் அவர் பேச்சே குறைந்துவிட்டது. அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "குன்னூர் போலாமா?" என்றார். பதினைந்து வயதில், டீயில் முக்கித் தின்னும் மொறுமொறு வர்க்கி சுடும் அடுப்பில் அவர் வேலைக்குச் சேர்ந்த ஊர் அது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதிக்கு அவர் கொண்டு வரும் பொட்டலத்துக்கு முதலில் ஓடி வருகிறவள் நீதானே!

மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். கல்லாறு தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறும், எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும் என்றெல்லாம் சின்னவனுக்குப் படம் போட்டு விளக்கி வைத்திருந்தேன். டீச்சர் புத்தி. முந்தின நாள் மண்சரிவு, ரயில் ரத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்தான். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பெரியவள் எண்ணிக்கொண்டே வர, என் வீட்டுக்காரர் பர்லியாறிலேயே பாலித்தீன் பை கேட்டுவிட்டார்.

அப்பா வேலை பார்த்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கொஞ்ச நேரம் எதிரே நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு விறகு அடுப்பு இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அடுப்புக்காரர், "உள்ளே வாங்க ஐயா" என்று கூட்டிப் போனார். அப்பா நேராக அடுப்பு வாய்க்குப் போய்க் கையை நீட்டிச் சூடு பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்றார். அடுப்புக்காரர் சிரித்துவிட்டார்.

அங்கே ஈஸ்ட் கிடையாதடி. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்த மாவுதான் எல்லாவற்றையும் எழுப்புகிறது. பிசைந்த மாவை விரித்து, நெய்யோ டால்டாவோ தடவி, மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்து... மணிக்கணக்காக நின்றே செய்யும் வேலை. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அடுப்புக்காரர் பெருமையாகச் சொன்னார். "நாங்க மாவுத் தூசில இருமிக்கிட்டே போட்டோம், அப்ப யாரும் ஒண்ணும் குடுக்கல" என்றார் அப்பா. அம்மா போனபிறகு அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

குன்னூரிலிருந்து மேலே ரயில் ஓடியது. 19 கிலோமீட்டர்தான். கேத்தி பள்ளத்தாக்கு வந்தபோது பெரியவள்கூட அறிவியல் புத்தகத்தை மூடினாள். மறுநாள் விடிகாலை ஊட்டியில் புல் முழுக்க உறைபனி, உப்பு கொட்டியது போல. சின்னவன் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுவிட்டு, "சர்க்கரை போடல" என்றான்.

திரும்பி வந்ததும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நம் ஊர்ச் சூட்டில் மாவு ஒரே ராத்திரியில் பொங்கிப் புளித்து நாறிவிட்டது. இரண்டாவது தடவை சுட்டது செங்கல். நான் ஓவனைக் குறை சொன்னேன். "ஓவன் என்ன பண்ணும்? மடிக்கறப்ப அவசரப்பட்டுட்ட" என்றார் அப்பா. அவர் கையளவைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று பிடி மைதா, மூன்றும் கிராம் பிசகாமல் ஒரே எடை! இத்தனை வருடம் இந்த மனுஷன் பக்கத்தில் இருந்துகொண்டு நான் எடைப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு முன்னால் அவரை என் மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். கற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறோம் அல்லவா? அரும்பில் ஒரு ஒடியாப் பையன், அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில். ஆடியிலிருந்து என்னிடம் தலையாட்டுவான், அவ்வளவுதான், வாய் திறக்க மாட்டான். அப்பா பிடி மாவை எண்ணச் சொல்லிக்கொண்டே கையோடு கொண்டுவந்த வர்க்கியைக் கொடுத்தார். தின்று முடித்து, சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, "தாத்தா, இன்னும் ரெண்டு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவோ இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

சரி, உன் மக்ரூன் டப்பாவிலேயே மூன்றாவது தடவை சுட்டதைப் போட்டு அனுப்புகிறேன். இது செங்கல் இல்லை, அப்பாவே பாஸ் போட்டார். ஓரம் கொஞ்சம் கருகியிருக்கும், டீயில் முக்கினால் தெரியாது. எப்படி இருந்தது என்று உண்மையாக எழுது. டப்பாவைத் திருப்பி அனுப்பு, காலியாக வேண்டாம்.

உன் பழைய அறைத்தோழி