வாயைத் திறக்காதவர்களுக்கு ஒரு நன்றி

வணக்கம்.

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரில், முழங்கால் மடங்காத என் அப்பாவுக்காக ஓரத்து சீட்டுகளை விட்டுக்கொடுத்துவிட்டு நடுவரிசைக்குப் போன தம்பதிக்கு முதல் நன்றி. அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதனால்தான் இந்த மடல், எப்படியும் உங்கள் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில்.

அப்பா சென்னை சபா நாடகங்களுக்கு இருபது வருஷம் லைட் போட்டவர். தகரத்தை ஆட்டி இடி வரவழைத்த காலத்து ஆள். லண்டனுக்கு வந்ததும் பிக் பென்னையோ அரண்மனையையோ அவர் கேட்கவில்லை. "மவுஸ்டிராப் பாக்கணும்டா. 1952-ல ஆரம்பிச்சது, எனக்கு அப்ப நாலு வயசு" என்றார். அந்தக் கொலை மர்ம நாடகத்தை எழுதிய அகதா கிறிஸ்டியே எட்டு மாதம் ஓடும் என்றுதான் நினைத்தாராம். தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ் கொஞ்சம் தாராளமாகப் பதினான்கு மாதம் என்றார். 1974-ல் அம்பாசடர்ஸ் தியேட்டரில் சனிக்கிழமை முடித்து, பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மார்ட்டின்ஸில் திங்கட்கிழமை திரையைத் தூக்கினார்கள். 2012-ல் 25,000 காட்சிகளைத் தாண்டியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்துதான் அதை நிறுத்த முடிந்தது. மறு வருஷம் மே மாதம் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

வாசலில் டிக்கெட் பார்த்த பெண்மணிக்கு அடுத்த நன்றி. 1952-ல் முதல் காட்சியின் செட்டில் இருந்த பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அப்பா கேட்கச் சொன்னார். பின்னால் வரிசை நின்றும் அவர் அலுத்துக்கொள்ளவில்லை. "கணப்பு மேலே இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள், அது ஒன்றுதான்" என்றார். திரை விலகியதும் அப்பா நடிகர்களைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். ஆரம்பத்தில் வரும் ரேடியோ செய்தியின் குரல் டெரிக் கைலர் என்ற நடிகருடையது என்று நான் காதில் சொன்னேன். அவர் இறந்தது 1999-ல், குரல் மட்டும் இன்னும் தினமும் வேலைக்கு வருகிறது. அப்பா என் கையை ஒரு தடவை அழுத்தினார்.

நான்சி சீப்ரூக் என்ற நடிகைக்கும் அப்பா சார்பில் ஒரு கும்பிடு. பதினைந்து வருஷம், 6,240 காட்சிகள், மாற்று நடிகையாகத் தயாராகக் காத்திருந்தவர். மேடை ஏறியது 72 முறைதான். மேடைக்குப் பின்னால் வாழ்ந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு புரியும். முதல் காட்சியில் டிடெக்டிவாக நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோ, லாபத்தில் தனக்கிருந்த பங்கில் மிச்சத்தை விற்றுத்தான் 'காந்தி' படத்தைக் கரை சேர்த்தார் என்று நான் சொன்னபோது, "அப்ப நமக்கும் இதுல பங்கு உண்டு" என்றார் அப்பா.

இனி உங்கள் இருவருக்கும் இரண்டாவது நன்றி. இடைவேளையில் அப்பா உரத்த தமிழில், கொலையாளி யார் என்று விரலை நீட்டித் தீர்ப்புச் சொன்னார். ஊரில் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகிய குரல் அது. நீங்கள் ஏற்கெனவே பார்த்தவர்கள் என்பது உங்கள் சிரிப்பிலேயே தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை, "இருக்கலாம் அங்கிள்" என்றதோடு சரி. டிக்கெட் எடுத்துத் தந்த என் ஆபீஸ் நண்பரும் மூச்சு விடவில்லை. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று மேடையிலிருந்து கடைசியில் கேட்டுக்கொண்டார்களே, அந்த வார்த்தையை அப்பா சத்தியமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

மாம்பலம் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. பழைய நாடகக்காரர்கள் போன் போட்டுக் கேட்டால் "டிக்கெட் எடுத்துப் போய்ப் பாரு" என்கிறாராம். அம்மாவிடமும் சொல்லவில்லை. "நாப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவகிட்ட என்ன ரகசியம்?" என்று அவள் இப்போது என்னைப் பிடித்திருக்கிறாள். வருகிற கோடையில் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ஓரத்து சீட்டுகளை நானே பார்த்து எடுத்துவிடுகிறேன்.